சத்தம் போடாதவரை முதலில் பார்ப்போம்

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பாத்ரூமில் விழுந்துவிட்டார். இடுப்பில் பயங்கர வலி, காலை அசைக்கவே முடியவில்லை. 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வாசலிலேயே பார்த்துவிட்டு 'மஞ்சள்' என்று சொல்லி ஓரமாக ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். அப்படியே ஒன்றேமுக்கால் மணி நேரம். எங்களுக்குப் பின்னால் வந்த நான்கு பேர் உள்ளே போய்விட்டார்கள். அதில் ஒருவன் குடித்துவிட்டு பைக் ஓட்டி, ரோட்டோர இட்லிக் கடை அம்மா ஒருவரை இடித்தவன். கூட வந்தவர் யாரும் இல்லை, கையெழுத்துப் போடக்கூட ஆளில்லை, ஆனால் அவனைச் சுற்றி ஆறு பேர். இடிபட்ட அந்த அம்மா வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் கவுன்சிலருக்கு போன் போட்டார். நான் பொறுக்க முடியாமல் டியூட்டி டாக்டரிடம் கத்திவிட்டேன். சின்னப் பெண், கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். ஆனால் மனசு ஆறவில்லை. வயதானவர் என்பதால் ஒதுக்கினார்களா? தப்பு செய்தவனுக்கு முதல் கவனிப்பு என்பது என்ன நியாயம்?
- பெயர் வேண்டாம், டெல்டா மாவட்டம்

பதில்:

அப்பா வாக்கரில் நடக்கிறார் என்ற வரியைத்தான் முதலில் படித்தேன். 74 வயதில் சர்க்கரையோடு இடுப்பு முறிந்தவர் இரண்டு மாதத்தில் எழுந்து நடப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆபரேஷன் செய்தவர்களுக்கும், அதைவிட தினமும் அவரைப் பிடித்து எழுப்பி உட்கார வைத்த உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நான் இருபது வருடத்துக்கு மேல் கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தவன். அந்தச் சின்னப் பெண் நின்ற இடத்தில் நின்று திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் என் பதில் கொஞ்சம் எங்கள் பக்கம் சாயும். அதை மனதில் வைத்துப் படியுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் எங்கள் பக்கம் நிஜமாகவே ஒரு தப்பு இருக்கிறது. நீங்கள் நினைக்கிற தப்பு இல்லை அது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ரேஷன் கடையில் முதலில் வந்தவருக்கு முதலில். கோயிலில் கட்டணம் கட்டினால் தனி வரிசை. கேஷுவாலிட்டியில் இந்த இரண்டு கணக்கும் கிடையாது. வாசலில் நிற்கிற நர்ஸோ டாக்டரோ ஒவ்வொருவரையும் பார்த்துத் தனக்குள் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இவரை இன்னும் பத்து நிமிடம் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? உயிர் போகும் என்றால் சிவப்பு. உயிர் போகாது, ஆனால் ரொம்ப நேரம் விட்டால் மோசமாகும் என்றால் மஞ்சள். காத்திருந்தாலும் பரவாயில்லை என்றால் பச்சை. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.ஏ.இ.ஐ. என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு இந்த மூன்று நிறத்துக்கும் தனித்தனி இடமே பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிப்புக்குப் பெயர் ட்ரையாஜ். பிரெஞ்சுச் சொல், தரம் பிரிப்பது என்று அர்த்தம்.

அந்தப் பார்வை ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். மூச்சு வருகிற வழி திறந்திருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, ரத்தம் ஓடுகிறதா, நினைவு இருக்கிறதா என்று அந்த வரிசையில் பார்ப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுப்பது: கத்துகிறவரை விட்டுவிட்டுச் சும்மா கிடக்கிறவரிடம் ஓடு. 'ஐயோ அம்மா' என்று கத்த ஒரு மனிதனுக்கு மூச்சுப்பாதை திறந்திருக்க வேண்டும், நுரையீரலில் காற்று வேண்டும், மூளைக்கு ரத்தம் போக வேண்டும். கத்தல் என்பது வலிக்கு அடையாளம், ஆனால் உயிர் இருக்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம். அப்பா அன்று வலியில் கத்தியிருப்பார். வாசலில் நின்றவர் காதில் அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட விழுந்திருக்கும். உங்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்றும் தெரிகிறது.

இப்போது அந்தக் குடித்தவன். நான் அவனைப் பார்க்கவில்லை, அதனால் இவனுக்கு இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் பைக்கில் வந்து மோதியவன், சாராய வாடை, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை என்று ஒருவன் வந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். 'குடிச்சிருக்கான், தூங்கட்டும், போதை தெளிஞ்சதும் பார்க்கலாம்' என்ற வாக்கியத்தைப் போல கேஷுவாலிட்டியில் ஆளைக் கொன்ற வாக்கியம் வேறு இல்லை. போதையில் உளறுவதும் மூளையில் ரத்தம் கசிந்து உளறுவதும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் ரத்தக் குழாய் கிழிந்தால், ஆள் கொஞ்ச நேரம் நன்றாகப் பேசிவிட்டுத் திடீரென்று சாய்வான். நினைவை அளக்க கிளாஸ்கோ ஸ்கோர் என்று ஒன்று வைத்திருக்கிறோம். முழு நினைவுக்கு 15, அடிமட்டம் 3. எட்டோ அதற்குக் கீழேயோ போய்விட்டால் தன் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ள அவனால் முடியாது, வாந்தி எடுத்தால் நேரே நுரையீரலுக்குள் போகும். அப்போது தொண்டைக்குள் குழாய் வைக்க ஒருவர், கழுத்தை ஆடாமல் பிடிக்க ஒருவர், ஊசி போட ஒருவர், ரத்தம் எடுக்க ஒருவர் என்று ஆறு பேர் வேண்டித்தான் இருக்கும். அவனுக்கு விருந்தோம்பல் நடக்கவில்லை.

'கூட யாரும் இல்லை, கையெழுத்துப் போட ஆளில்லை, அவனை மட்டும் எப்படி?' என்பது உங்கள் கடிதத்தில் மறைந்திருக்கும் இன்னொரு கேள்வி. நினைவில்லாமல் உயிருக்குப் போராடுகிறவனுக்குச் சம்மதக் கையெழுத்து தேவையில்லை. நோயாளியின் சம்மதம் இல்லாமல் டாக்டர் எதையும் செய்யக்கூடாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னபோதும், உயிரைக் காப்பாற்றும் அவசரத்துக்கு விலக்கு கொடுத்தது. அதற்கும் முன்னால் 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கு. ஸ்கூட்டரில் போனவர் மேல் கார் மோதி, பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் 'போலீஸ் கேஸ், இங்கே பார்க்க மாட்டோம்' என்று சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு இடத்துக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போனது. அந்த வழக்கில்தான், அடிபட்டு வந்தவன் குற்றவாளியோ நிரபராதியோ, முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடைமுறை அப்புறம் என்று நீதிமன்றம் சொன்னது.

'குற்றவாளியோ நிரபராதியோ' என்ற இடத்தில்தான் உங்கள் மனசு இடறுகிறது. எனக்கும் இடறியிருக்கிறது. கத்திக்குத்துத் தகராறில் குத்தியவனையும் குத்துப்பட்டவனையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டுத் தையல் போட்டிருக்கிறேன். யாருக்கு முதலில் போட்டேன்? யாருக்கு ரத்தம் அதிகமாகப் போனதோ அவனுக்கு. அன்று அது குத்தியவன். குத்துப்பட்டவனின் தாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்படியும் ஏன் அதைச் செய்கிறோம்? பெரிய தத்துவம் எல்லாம் வேண்டாம், நடைமுறைக் காரணமே போதும். அந்த நேரத்தில் வாசலில் நிற்கிறவருக்கு யார் மேல் தப்பு என்று தெரியாது. ஒரு முறை 'குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து கிடந்தான் சார்' என்று ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். வேர்த்து ஊற்றுகிறது, நாக்குக் குழறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 31. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து 'என் சைக்கிள் எங்கே?' என்றார். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லையாம். இவன் நல்லவன், அவன் கெட்டவன் என்று வாசலில் வைத்துப் பிரிக்க ஆரம்பித்தால் அந்த மனிதரை நாங்கள் கொன்றிருப்போம். அந்த பைக்காரனைச் சட்டமும் சும்மா விடுவதில்லை. ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் பதிவு, போட்டிருப்பார்கள், போலீஸ் கேட்டால் ரத்த மாதிரி போகும், வழக்கு நடக்கும். அது வேறு கட்டடத்தில், வேறு ஆட்கள் செய்கிற வேலை.

நெப்போலியன் படையில் டொமினிக் லாரே என்று ஒரு அறுவை மருத்துவர் இருந்தார். இந்தத் தரம் பிரிக்கும் வழக்கத்துக்கு அவரைத்தான் முன்னோடி என்பார்கள். யாருக்குக் காயம் பெரிதோ அவரை முதலில் பார்க்க வேண்டும், பதவியைப் பார்க்கக்கூடாது என்பது அவர் விதி. தளபதி காத்திருக்க, சிப்பாய்க்கு முதல் சிகிச்சை. அந்தக் காலத்துப் படையில் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஏனென்றால் இன்றைக்கே எங்களுக்குக் கவுன்சிலரிடமிருந்து போன் வருகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் செய்தது மனிதர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த போனை எடுக்க டியூட்டி டாக்டர் ஒரு நோயாளியின் பக்கத்திலிருந்து விலகி வந்திருப்பார். அந்த போனால் அப்பா முன்னால் போயிருந்தால் இன்னொருவர் பின்னால் போயிருப்பார். அவருக்குக் கவுன்சிலரைத் தெரிந்திருக்காது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இட்லிக் கடை அம்மாவுக்கு யாரைத் தெரியும்?

அடுத்தது வயது. இதில் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. சுனாமி போல ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து, கையும் மருந்தும் போதாமல் போகிற நாள் ஒன்று உண்டு. அன்றைக்குக் கறுப்பு என்று நான்காவது நிறம் வரும். பிழைக்க வாய்ப்பில்லாதவரைத் தொடாமல் பிழைக்கக்கூடியவரிடம் போகச் சொல்லும் நிறம் அது. 2020 மார்ச்சில் இத்தாலியில் மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம், ஐ.சி.யூ. படுக்கைக்கு வயது வரம்பு வைக்க வேண்டி வரலாம் என்று எழுதியபோது உலகமே அதிர்ந்தது. அப்படிப்பட்ட நாளில் வயதைப் பார்க்கலாமா கூடாதா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் அது பேரிடர்க் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கூட்டம் கொஞ்சம் அதிகம் என்பதற்காக யாரும் அந்தக் கணக்கைப் போடுவதில்லை, போடவும் கூடாது.

சாதாரண நாளில் வயது ஒருவரை மேலே தள்ள வேண்டும், கீழே அல்ல. நான் அந்த வாசலில் நின்றிருந்தால் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வழுக்கி விழுந்தாரா, மயங்கி விழுந்தாரா? வழுக்கி விழுந்தால் அது எலும்புப் பிரச்சினை. தலை சுற்றியோ கண் இருட்டியோ விழுந்திருந்தால் இதயத் துடிப்பு, சர்க்கரை, பக்கவாதம் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். விழும்போது தலை இடித்ததா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பது அடுத்த கேள்வி. அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் பட்ட சின்ன அடிகூடப் பெரிதாகலாம். இன்னொன்று, பிரஷருக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் மெட்டோபுரோலால், அட்டினலால் மாதிரி ஒரு வகை இருக்கிறது. அதைச் சாப்பிடுகிறவருக்கு உள்ளே ரத்தம் போனாலும் நாடித் துடிப்பு ஏறாது. எண்ணைப் பார்த்து 'நார்மல்' என்று ஏமாந்துவிடுவோம். பெரியவர்களை இப்படிக் குறைத்து மதிப்பிடுவது எங்கள் தொழிலில் நன்றாகத் தெரிந்த பிழை. இதெல்லாம் கேட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டு, எல்லாம் சரியாக இருந்து, கால் மட்டும் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது என்றால் மஞ்சள் சரியான நிறம்தான்.

ஆக வரிசை சரி. அப்படியானால் தப்பு எது?

ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் அப்பாவுக்கு வலி ஊசி போட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. யாராவது திரும்ப வந்து பார்த்ததாகவும் இல்லை. அதுதான் தப்பு. காத்திருக்கச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு, வலியோடு காத்திருக்கச் சொல்ல இல்லை. இடுப்பு முறிந்தவருக்கு ட்ரிப்ஸில் பாராசிட்டமால் ஏற்ற ஒரு நர்ஸ் போதும். பழகியவர் இருந்தால் தொடை மடிப்பில் நரம்பை மரக்க வைக்கும் ஊசி போடலாம், அரை மணி நேரத்தில் மனிதர் முகமே மாறிவிடும். காலை அசையாமல் அணை கொடுத்து வைக்கலாம். பாதம் சூடாக இருக்கிறதா, விரலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வைக்கலாம். அதெல்லாம் நடந்திருந்தால் நீங்கள் கத்தியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பப் பார்ப்பது பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு மழைக்கால இரவு. அறுபது வயது அம்மா ஒருவர் மகனோடு நடந்தே வந்தார். 'வாயு பிடிச்ச மாதிரி இருக்கு, லேசா வேர்க்குது' என்றார். சர்க்கரை உள்ளவர். நெஞ்சு வலி இல்லை என்றார். ஒரு பஸ் விபத்திலிருந்து ஒன்பது பேர் உள்ளே கிடந்தார்கள். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் போனேன். சர்க்கரை நோயாளிக்கு, அதிலும் பெண்களுக்கு, மாரடைப்பு வலி இல்லாமல் வரும் என்று பரீட்சையில் எழுதிப் பாஸானவன்தான் நான். தொப்புள் தொடங்கி தாடை வரை அப்படி ஏதாவது சொன்னால் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். அந்த அம்மா ஒரு மணி நேரம் பெஞ்சில் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மகனும் பொறுமையானவன், கத்தவில்லை. நான் திரும்பி வந்தபோது அவர் சாய்ந்திருந்தார். எழுப்ப முடியவில்லை.

அந்த மகன் என்னிடம் கத்தியிருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அதனால் உங்களிடம் 'பொறுமையாக இருங்கள்' என்று சொல்லப் போவதில்லை. சத்தம் போடுவதற்குப் பதிலாக மாற்றத்தைச் சொல்லுங்கள். 'எவ்வளவு நேரம்?' என்று கேட்டால் எங்களிடம் பதில் இருக்காது. 'வரும்போது பேசிக்கொண்டிருந்தார், இப்போது குழறுகிறார்', 'வேர்க்க ஆரம்பித்திருக்கிறது', 'பாதம் ஜில்லென்று இருக்கிறது' என்று சொன்னால் எந்த நர்ஸும் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு வருவார். 'எந்த நிறத்தில் வைத்திருக்கிறீர்கள், அடுத்து எப்போது பார்ப்பீர்கள்?' என்று கேட்கலாம். வலி பத்துக்கு எத்தனை என்று சொல்லி ஊசி கேட்கலாம், அது உங்கள் உரிமை. சாப்பிடும் மாத்திரைகளை ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலர் போனைவிட அந்தத் தாள் அப்பாவை வேகமாக உள்ளே கொண்டுபோகும். டீ வேண்டும் என்று அவர் கேட்டாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், ஆபரேஷன் இருக்கலாம்.

கடைசியாக, அந்தச் சின்னப் பெண். 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவரை, அங்கே சிகிச்சை பெற்ற நோயாளி ஒருவரின் மகனே கத்தியால் குத்தினார். டியூட்டியில் இருந்த டாக்டர், பணியிடத்திலேயே. அதற்கப்புறம் யாராவது குரலை உயர்த்தினால் இந்தப் பிள்ளைகளின் கண் முதலில் கதவைத் தேடுகிறது. அவள் கண் கலங்கியது உங்கள் வார்த்தைக்காக மட்டும் இருக்காது. நீங்கள் கேட்டது நியாயம் என்று அவளுக்கே தெரிந்திருக்கலாம், உள்ளே சிவப்பில் கிடந்தவனை விட்டு வர முடியாமல் நின்றிருக்கலாம்.

புகார் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கொடுங்கள். நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும். 'பின்னால் வந்தவரை முன்னால் எடுத்தார்கள்' என்று எழுதாதீர்கள், அதற்கு அவர்களிடம் சரியான பதில் இருக்கிறது. 'மஞ்சளில் வைத்த 74 வயது நோயாளிக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் வலி மருந்து கொடுக்கவில்லை, மறுபடி வந்து பார்க்கவில்லை' என்று தேதி, நேரம் போட்டு எழுதுங்கள். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். அந்த இரவு வாசலில் எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டி வரும். அந்தப் பெண்ணின் பெயரை அதில் எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஆர்த்தோ ஓ.பி.க்கு அப்பாவைக் கூட்டிப்போகும்போது அவள் கண்ணில் பட்டால், அப்பா நடக்கிறதை மட்டும் காட்டுங்கள்.

அப்புறம், பாத்ரூமில் கைப்பிடி போட்டாச்சா? கடிதத்தில் அதைக் காணோம். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பிரஷரைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி மாத்திரை போட்டுவிட்டு எழுந்து போகும்போது தலை சுற்றித்தான் அன்று விழுந்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.